எலுமிச்சம்பழத்தின் மேல் முதல் கியர்

எங்கள் ஷெட்டில் ஒரு வண்டிக்கு மட்டும் ஒரு சட்டம் இருந்தது. வண்டிக்கு அடியில் நான், ஸ்டீயரிங்குக்குப் பின்னால் அவர். கல்யாணமான நாளிலிருந்து இதை நாங்கள் இருவரும் வருஷக்கணக்காக மீறியதில்லை. மற்ற விஷயங்களில் நாங்கள் போடாத சண்டை இல்லை. சாம்பாரில் வெல்லம் போடுவதற்குக்கூடப் போட்டிருக்கிறோம்.

ஷெட் நூம்பலில் இருக்கிறது. வேலப்பன்சாவடிக்குப் போகிற வழியில், இரண்டு அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு நடுவே தகரக் கூரை தெரிந்தால் அதுதான். என் கணவர் கார் மெக்கானிக். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் கியர் வெட்டும் ஒரு சின்னக் கம்பெனியில் இன்ஸ்பெக்ஷன் வேலை பார்த்தவள். அப்பா ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை ஃபிட்டர். குவார்ட்டர்ஸில் வளர்ந்தேன், ஐடிஐ படித்தேன். வேலை விட்டு வந்த நேரமெல்லாம் எனக்கு இந்த ஷெட்தான்.

ஷெட்டின் பின்பக்கம் நிற்பதுதான் அந்தப் பந்தயக் கார். ஒரு காலத்தில் ஊரெல்லாம் டாக்ஸியாக ஓடிய அதே ரகம். உள்ளே இருந்த மெத்தை, கதவுத் துணி எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டு எடையைக் குறைத்து, கூரைக்குச் சிவப்பு அடித்து, இளவயதில் சோழவரம் ஓடுதளத்தில் அவர் ஓட்டிய வண்டி. கதவில் அடித்த நம்பர் இன்னும் மங்கலாகத் தெரியும். ஸ்டீயரிங் தண்டில் இருந்த கியர் லீவரைக் கழற்றிவிட்டு, கம்பியும் அதன் மூட்டுகளுக்குப் புஷ்ஷும் வைத்து, லீவரைத் தரைக்குக் கொண்டுவந்தவரும் அவரே.

அந்த வண்டியால்தான் எங்களுக்கு அறிமுகம். பல் உடைந்த கியர் ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு எங்கள் கம்பெனிக்கு வந்தார். பத்துப் பேர் முன்னால், “போன தடவ நீங்க வெட்டிக் குட்த்தது சரியில்ல” என்றார். வாங்கிப் பார்த்தேன். பல் உடைந்திருந்த விதமே சொல்லிவிட்டது. “கோளாறு கியர்ல இல்ல, போடுற கையில” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அடுத்த வாரம் வேலை எதுவும் இல்லாமலேயே வந்தார்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதனால் பார்க்கிறவர்கள் எல்லாம் அந்த வண்டியை “உங்க புள்ள” என்பார்கள். எனக்குக் கோபம் வரும். பிள்ளையாக இருந்தால் வளர்ந்து வேலைக்குப் போயிருக்கும். இது வருஷம் முழுக்க எண்ணெய் ஒழுகிக்கொண்டு வீட்டோடு கிடக்கிறது.

ஆனால் ஞாயிறு விடிந்ததும் வெளிவட்டச் சாலையில் அவர் அதை ஓட்டுவதைப் பார்க்க வேண்டும். நான் பக்கத்து சீட்டில் இருப்பேன். நெமிலிச்சேரி வரைக்கும் போய்த் திரும்புவோம். அவர் கியர் போடும்போது கை நகர்வதே தெரியாது. சத்தம் மாறும், அவ்வளவுதான். அவர் ஓட்டும் சீட்டில் வேறு யாரையும் உட்கார விடமாட்டார். பந்தயக்காரர்களுக்கு இப்படி ஒரு நம்பிக்கை உண்டு. “இன்னொர்த்தர் குந்தினா வண்டிக்கு என் ஞாபகம் பூடும்மே” என்பார். நானும் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. எனக்கு அடியில் படுத்துக்கொண்டு பார்க்கிற வண்டிதான் வண்டி.

அப்படிப்பட்டவர் ஒரு ஞாயிறு திரும்பி வந்ததும் சொன்னார்: “கியர் இறுகிகினு கீது. பஸ்ட்டு வுழவே மாட்டேங்குது. இன்னான்னு பாரு.”

நான் சும்மா இருந்திருக்கலாம். “ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்” என்றேன். அவர் கையிலிருந்த கிரீஸ் துணியை என்மேல் எறிந்தார். அந்தப் பழமொழியை அதற்குப் பிறகு நான் யாரிடமும் சொன்னதில்லை.

கியர் இறுகுகிறது என்றால் பார்க்க ஒரு வரிசை உண்டு. முதலில் கிளட்ச். பெடலை முழுக்க மிதித்தும் கிளட்ச் முழுசாக விடவில்லை என்றால் கியர் விழாது. பெடலின் ஆட்டத்தைச் சரிசெய்தேன். அடுத்து எண்ணெய். இந்த மாதிரிப் பழைய கியர்பாக்ஸுக்குள் பித்தளை வளையங்கள் இருக்கும். ஓடுகிற பல்சக்கரத்தின் வேகத்தைப் பிடித்து நிதானப்படுத்தி, அடுத்ததோடு சேர விடுவது அந்த வளையங்கள்தான். புது ரக எண்ணெய் சிலது பித்தளைக்கு ஆகாது. எண்ணெயை வடித்துப் பழைய ரகமே தேடி ஊற்றினேன். பிறகு, அவரே செய்த அந்தக் கம்பி, புஷ் சமாச்சாரம். புஷ் தேய்ந்தால் லீவர் ஒரு பக்கம் போகும், உள்ளே பல்சக்கரத்தைத் தள்ளுகிற ஃபோர்க் இன்னொரு பக்கம் நிற்கும். எங்கள் கம்பெனியிலேயே சொல்லிப் புது புஷ் கடைந்து போட்டேன்.

ஒவ்வொன்று முடிந்ததும் அவர் ஒரு ரவுண்டு போய்வருவார். நான் வாசலில் நிற்பேன். வரும்போதே முகம் சொல்லிவிடும். “கொஞ்சம் தேவல” என்பார். அடுத்த வாரம், “திரும்பவும் இறுகிகிச்சி.”

கியர்பாக்ஸையே இறக்கினோம். பித்தளை வளையங்களைக் கழற்றி வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். தேய்மானம் இருந்தது, இறுகும் அளவுக்கு இல்லை. இருந்தாலும் மாற்றினேன். வேறு எந்த வண்டியாக இருந்தாலும், கஸ்டமர் புகார் சொன்னதும் மெக்கானிக் செய்கிற முதல் வேலை, தானே உட்கார்ந்து ஒரு ரவுண்டு போய்ப் பார்ப்பது. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எங்களுக்கோ அந்த சீட்டில் வேறு ஆள் உட்காரக் கூடாது. அதனால் வளையம் மாற்றினோம், புஷ் மாற்றினோம், ஸ்பிரிங் மாற்றினோம்.

இதற்கிடையில் மற்றதும் நடந்துகொண்டிருந்தது. சட்டைப் பொத்தானைப் போட அவருக்கு நேரம் ஆனது. ஊறுகாய் பாட்டில் மூடியைத் திறக்க என்னிடம் நீட்டினார். ஷெட்டில் இடது கையிலிருந்து ஸ்பேனர் நழுவியது. வயசாகுது, சுகர் இருக்கும், நரம்பு இழுக்குது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்லிவைத்திருந்தோம். அதெல்லாம் வீட்டுக் கணக்கு. கியர் ஷெட்டுக் கணக்கு. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எங்களுக்குத் தோன்றவே இல்லை.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஷெட்டில் அன்றைக்குத் திருவிழாதான். ஸ்பேனர்கள், ஜாக்கி, கம்ப்ரசர் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். வாசலில் வாழைக்கன்று. பக்கத்துக் குடியிருப்பில் இருக்கிற ஐடி பிள்ளைகளும் தங்கள் கார்களைக் கொண்டுவந்து வரிசையில் நிறுத்துவார்கள். பாதிக்கு மேல் கியரே போட வேண்டாத வண்டிகள். “அது வண்டியாமே? லிஃப்ட்டு” என்று என் காதில் சொல்வார் என் கணவர். எல்லா வண்டிக்கும் முன்னால் பந்தயக் கார்தான் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற வேண்டும். அப்புறம்தான் மற்றவை. அதுவும் ஒரு சட்டம்.

கற்பூரம் சுற்றி, பூசணிக்காய் உடைத்து, நாலு சக்கரத்துக்கு அடியிலும் பழம் வைத்தாயிற்று. அவர் உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். இஞ்சின் அழகாகப் பேசியது. வண்டி நகரவில்லை. கிளட்சை மிதித்து விடுவதும், தோளோடு சாய்ந்து லீவரைத் தள்ளுவதும் கண்ணாடி வழியே தெரிந்தது. அந்த வண்டியில் முதல் கியர், ஓட்டுபவருக்கு அந்தப் பக்கம் தள்ளி, முன்னால். அவர் உள்ளங்கையால் தள்ளினார். பிறகு மணிக்கட்டால். எல்லோரும் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். யாரோ, “ராகு காலம் வந்துடும் அண்ணாத்தே” என்றார்கள்.

அவர் இஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார். “மாட்டிகிச்சி. அடியில பாரு.”

பட்டுப் புடவையோடு அடியில் போனேன். கம்பி, புஷ், எல்லாம் நான் வைத்தபடியே இருந்தன. கையால் கம்பியை நகர்த்திப் பார்த்தேன், நகர்ந்தது. வெளியே வந்து, “ஒண்ணுமில்லங்க, இன்னொரு தடவ போட்டுப் பாருங்க” என்றேன்.

அவர் என்னைப் பார்க்காமல், “நீயே ஏத்திடு” என்றார்.

அந்த வார்த்தையே என்னைப் பயமுறுத்தியிருக்க வேண்டும். அவசரத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். சீட்டு அவர் உடம்புக்குக் குழிந்திருந்தது. ஸ்டார்ட் செய்து கிளட்சை மிதித்தேன். லீவரின் குமிழ் நான் கடைந்து கொடுத்ததுதான். இரண்டு விரலால் தொட்டுத் தள்ளினேன். முதல் கியர் விழுந்தது.

தள்ளினதாகவே தெரியவில்லை. அவ்வளவு சுலபம். அத்தனை மாதம் எங்கே என்று தேடிய கோளாறு அந்தப் பெட்டிக்குள் இல்லவே இல்லை.

நிமிர்ந்து பார்த்தேன். வண்டிக்கு எதிரே கற்பூரத் தட்டோடு அவர் நின்றிருந்தார். தட்டு வலது கையில். இடது கை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. கட்டைவிரலுக்கு அடியில் இருக்க வேண்டிய சதை வற்றிப்போய்ப் பள்ளமாக இருந்தது. தினமும் பார்க்கிற கைதான். அன்றைக்குத்தான் பார்த்தேன். பொத்தானும் ஊறுகாய் மூடியும் ஸ்பேனரும் கியரும் எல்லாம் ஒரே கோளாறு என்று அந்த நொடியில் தெரிந்தது.

முதன்முதலில் சந்தித்த அன்று பத்துப் பேர் முன்னால் சொன்னேனே, கோளாறு கையில் என்று. அன்றைக்கு வந்த வாய் இன்றைக்கு வரவில்லை. லீவரைச் சத்தமில்லாமல் நியூட்ரலுக்குக் கொண்டுவந்தேன். பல்லைக் கடித்தேன். தோளைக் குலுக்கி, முகத்தைச் சுளித்து, பெரிய கல்லைத் தள்ளுகிறவளைப் போல மறுபடியும் முதல் கியரைப் போட்டேன். “அப்பாடி! ஆமாங்க, ரொம்ப இறுகித்தான் இருக்கு!” என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். பழங்கள் நசுங்கின. கைதட்டினார்கள். அவர் முகம் கொஞ்சம் தெளிந்த மாதிரி இருந்தது. அதற்காக நான் எந்தப் பொய்யும் சொல்வேன்.

அடுத்த வாரம் மறுபடியும் கியர்பாக்ஸை இறக்கலாம் என்று நானே சொன்னேன். அதில் ஒன்றும் இல்லை என்று தெரிந்துதான் சொன்னேன். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று ஆரம்பிக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. வேலை செய்துகொண்டிருக்கும்போது எப்படியாவது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். இருவரும் அடியில் படுத்திருந்தோம். அவர் பெட்டியைத் தாங்கிப் பிடிக்க, நான் கடைசி போல்ட்டைக் கழற்றினேன். அவர் இடது கை விட்டுவிட்டது. பெட்டி என் தோளுக்குப் பக்கத்தில் போட்டிருந்த பழைய டயர்மேல் விழுந்தது.

இருவரும் மல்லாந்து படுத்தபடியே கிடந்தோம். அவர் கையைத் தூக்கி முகத்துக்கு நேராக வைத்துப் பார்த்தார். தோலுக்கு அடியில் சதை தன்பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது.

“டாக்டர்கிட்ட போலாங்க” என்றேன்.

“போலாம்” என்றார். எதற்கும் எதிர்வாதம் பேசுகிற மனுஷன் உடனே ஒப்புக்கொண்டதில் எனக்கு அழுகை வந்தது.

ஊசி குத்தி, கரண்ட் வைத்து, தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் நல்லவர். அவசரப்படாமல் சொன்னார். சதையை ஆட்டிவைக்கிற நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகின்றன, நிறுத்த மருந்து இல்லை, புத்திக்கும் கண்ணுக்கும் காதுக்கும் ஒன்றும் ஆகாது என்றார். இவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வெளியே வந்தார். ஆட்டோவில் ஏறியதும் என்னிடம் சொன்னார்: “இஞ்சின் நல்லாக் கீது. கியர்பாக்ஸும் நல்லாக் கீது. நடுவுல கம்பி அறுந்துகினு வருது. அவ்ளோதான்.”

கம்பி என்றால் எனக்கு வேலை தெரியும். லீவரை நீளமாக்கினேன், நீளம் கூடினால் தள்ளுகிற பலம் குறைவாகப் போதும். குமிழைக் கழற்றிவிட்டு உள்ளங்கையால் தள்ள வசதியாகப் பெரிய உருண்டை ஒன்று கடைந்து போட்டேன். கிளட்ச் பெடலை லேசாக்கினேன். அந்த வண்டி என் கையில் அவ்வளவு நன்றாக எப்போதும் இருந்ததில்லை. அதை வைத்துச் சில ஞாயிறுகள் ஓட்டினார். பிறகு ஒருநாள் சாவியை என்னிடம் நீட்டி, “இந்தா சீட்டு” என்றார். சுற்றிக்கொண்டு போய் இடதுபக்கம் ஏறி உட்கார்ந்தார். வண்டியின் ஞாபகத்தைப் பற்றி இருவருமே பேசவில்லை.

அப்போதுதான் ஒன்று நடந்தது. இடப்பக்கம் உட்கார்ந்தால் கியர் லீவர் அவருக்கு வலது கைப்பக்கம். வலது கை அப்போது நன்றாகவே இருந்தது. நான் இடது கையால் லீவரைத் தேட, அவர் கை ஏற்கெனவே உருண்டைமேல் இருந்தது. “கிளட்ச்சு” என்றார். மிதித்தேன். எனக்குத் தள்ள வேண்டிய கியர், அவருக்கு இழுக்க வேண்டிய கியர். போட்டார். “வுடு” என்றார். விட்டேன்.

அப்படியே ஓட்டினோம். ஸ்டீயரிங்கும் காலும் என்னுடையவை, கியர் அவருடையது. முதலில் நெமிலிச்சேரி போவதற்குள் வண்டி நாலு தடவை நின்றது, அவர் என்னைத் திட்டாத திட்டு இல்லை. போகப் போக அவர் சொல்வதற்கு முன்பே என் கால் போகும். என் கால் போவதற்கு முன்பே அவர் கை இருக்கும். வேகமாகப் போகும்போது சத்தம் மாறும், அவ்வளவுதான். எங்கள் கல்யாண வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமான நாட்கள் இல்லை. இதைச் சொல்லவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

ஒரு ஞாயிறு, பூந்தமல்லிப் பக்கம் திரும்புகிற பாலத்தின் கீழே வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். உருண்டையைப் பிடித்து முதல், நியூட்ரல், முதல், நியூட்ரல் என்று போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் அவர் பேச்சு கொஞ்சம் குழறத் தொடங்கியிருந்தது.

“எவ்ளோ லேசா வுழுது பாரு” என்றார்.

“புஷ் மாத்தினோமே” என்றேன்.

“இது அன்னிக்கும் இப்டித்தான் வுழுந்துது. பூஜ அன்னிக்கி.”

நான் கிளட்சை இன்னும் அழுத்தி மிதித்தேன்.

“கிளட்ச்சு வுடலன்னா பல்லு கத்தும். வளையம் தேஞ்சாலும் கத்தும். நீ மூஞ்சிய அப்டிச் சுளிச்சிகினு போட்ட, உள்ள சத்தமே வர்ல. அதுவும் ரெண்டு தபா.” சிரித்தார். “மூஞ்சி நடிச்சிச்சி. கியர் நடிக்கலியே.”

“தெரிஞ்சா அப்பவே ஏன் சொல்லல? அடுத்த வாரம் பொட்டிய எறக்க ஏன் வந்தீங்க?”

“உனக்காவத்தான்” என்றார். “அதுல எதுனா கோளாறு கெடைக்கும்னு நீ ஆசப்பட்ட. இருக்கட்டும், தேடட்டும்னு வுட்டேன்.”

நான் அவருக்காகத் தேடினேன். அவர் எனக்காகத் தேட விட்டிருக்கிறார். பாலத்துக்கு மேலே லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஸ்டீயரிங்மேல் தலையை வைத்து அழுதேன். அவர் வலது கை என் முதுகுக்கு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, “கிளட்ச்சு” என்றார்.

மழைக்காலம் தொடங்கும் முன்பே அந்தக் கையும் போயிற்று.

அந்த வருஷ ஆயுத பூஜைக்கு அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து ஷெட் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன். பேச்சு முழுக்க நின்றுவிட்டது. டாக்டர் சொன்னதுபோல் காது மட்டும் அப்படியே இருந்தது. தெருமுனையில் வருகிற காரின் சத்தத்துக்கே அவர் புருவம் ஏறி இறங்கும். நானே எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தேன். நானே பழம் வைத்தேன். ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு என்ன தோன்றியதோ தெரியாது. கிளட்சைப் பாதி மட்டும் மிதித்து லீவரைத் தள்ளினேன். கர்ரென்று பல் கத்தியது. தெருவே திரும்பிப் பார்த்தது. என் வாழ்நாளில் ஒரு கியரை நான் வேண்டுமென்றே கத்த வைத்ததில்லை. முகத்தைச் சுளித்து, “ரொம்ப இறுகிடுச்சுங்க!” என்று கத்தினேன்.

அவர் சிரித்தார். உடம்பு ஆடாது, வாய் ஒரு பக்கம்தான் திறக்கும், ஆனால் தொண்டையிலிருந்து சத்தம் வந்தது. கண்ணில் தண்ணீர் வர வர சிரித்தார். பக்கத்தில் இருந்தவர்கள் மூச்சு முட்டுகிறதோ என்று பயந்து ஓடிவந்தார்கள். இல்லை, சிரிக்கிறார் என்று நான்தான் சொன்னேன். அவரிடமிருந்து நான் கேட்ட கடைசிச் சத்தம் அதுதான். பொங்கலுக்கு அவர் இல்லை.

வண்டியை என்ன செய்யப்போகிறாய் என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒன்றும் செய்யப்போவதில்லை. ஞாயிறுகளில் ஓட்டுகிறேன், பக்கத்து சீட்டு காலியாக. லீவர் இன்னும் அவருக்காக நீட்டிய நீளத்திலேயே இருக்கிறது.

இந்த வருஷமும் ஆயுத பூஜை வந்தது. பழம் வாங்கினேன், நாலு சக்கரத்துக்கும் வைத்தேன், ஏறி உட்கார்ந்தேன். கத்த வைக்கலாமா என்று யோசித்தேன். யாருக்காக? கிளட்சை முழுசாக மிதித்து, பல் நிதானப்படும்வரை காத்திருந்து தள்ளினேன். சத்தமே இல்லாமல் விழுந்தது. எப்போதும் அப்படித்தான் விழுந்துகொண்டிருந்தது. பழங்கள் நசுங்கின, நான் இறங்கிக் கதவைச் சாத்தினேன்.